சீப்பு: ஒரு படைவண்டி நம் மண்ணுக்கு வந்த வரலாறு

வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் ஐயா பணித்தபோது, உறையூரைப் பற்றியோ கல்லணையைப் பற்றியோ திருவரங்கத்துக் கோயிலொழுகைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பற்றி என்னினும் வல்லார் பலர் எழுதியுள்ளனர். இம்மலரின் வேறு பக்கங்களிலும் எழுதியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் ஜீப். தமிழ்ப் பேராசிரியைக்கும் ஜீப்புக்கும் என்ன உறவு என்று புருவம் உயர்த்தும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். முனைவர் பட்டத்திற்காக நான் ஐந்தாண்டுகள் ஆராய்ந்த பொருள் சங்க இலக்கியத்துத் தேரும் பாகனும். தேரை ஆராய்ந்தவள் ஜீப்பை ஆராய்வது அத்தனை தொலைவு அன்று.

திருவரங்கத்தில் என் பாட்டி ஜீப்பைச் 'சீப்பு' என்றே சொல்வார். "ஆபீஸ் சீப்பு வந்துடுத்தா?" என்பது காலைதோறும் என் தந்தையாரை நோக்கி எழும் வினா. பள்ளிச் சிறுமியான எனக்கு அது நகைப்பாக இருந்தது. தலை வாருவது ஒரு சீப்பு. வாழைத்தாரில் அடுக்கடுக்காக இருப்பது ஒரு சீப்பு. இது என்ன மூன்றாவது சீப்பு? பின்னாளில் சிலப்பதிகாரம் பயிலும்போது நான்காவது சீப்பையும் கண்டேன். அடைக்கலக் காதையில், மதுரை மதிலின் காவற்பொறிகளை அடுக்கும் இடத்தில் சீப்பு என ஒன்று வருகிறது. மதில் வாயிற்கதவுக்கு வலுவாக நிலத்தில் வீழவிடும் மரம் என்று அதற்குப் பொருள் கூறுவர். பாட்டி அறியாமலே படைக்கலம் ஒன்றின் பழம்பெயரை மற்றொரு படைக்கலத்திற்குச் சூட்டிவிட்டார். மொழிமுதலில் வாராத எழுத்தை வரும் எழுத்தாக மாற்றிக்கொள்வது தமிழ் நாவின் இயல்பு. தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன வழியைப் பாட்டி அமெரிக்கச் சொல்லுக்கும் பின்பற்றினார், அவ்வளவே.

ஜீப் படைக்கலமாகவே பிறந்தது. ஆனால் அதற்கும் முற்பட்டது நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் வண்டி என்னும் எண்ணம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பனியும் சேறும் நிறைந்த சாலைகளுக்கென 1908 வாக்கிலேயே கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் அத்தகைய வண்டியைச் செய்து பார்த்தனர். அதே மாநிலத்தின் கெனோஷாவில் 1913இல் ஜெஃபரி நிறுவனம் 'குவாட்' என்னும் நாற்சக்கர இயக்க லாரியை உருவாக்கியது. முதல் உலகப்போரில் அது படைகளுக்குச் சுமை சுமந்தது.

நாற்சக்கர இயக்கத்தின் பயனை நம்மவர்க்கு விளக்கக் கொள்ளிடத்து மணலே போதும். சாதாரண வண்டியில் எஞ்சினின் ஆற்றல் ஓர் அச்சுக்கு மட்டுமே செல்லும். பின்சக்கரம் மணலில் அழுந்திச் சுழலச் சுழலத் தன் குழியைத் தானே ஆழப்படுத்திக்கொள்ளும். முன்சக்கரங்களோ உதவ வகையின்றி உருளக் காத்திருக்கும். நாற்சக்கர இயக்கத்தில் கியர்ப்பெட்டியை அடுத்து இன்னொரு பெட்டி உண்டு. அது ஆற்றலைப் பகிர்ந்து முன்னச்சுக்கும் அனுப்புகிறது. பின்சக்கரம் வழுக்கினாலும் முன்சக்கரம் பற்றி இழுக்கும். அன்றியும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் ஒரு தாழ்நிலைக் கியரும் அப்பெட்டியில் உண்டு. ஆகவேதான் பழைய ஜீப்பில் ஓட்டுநரின் அருகே ஒன்றுக்கு மூன்றாக லீவர்கள் நிற்கும்: ஒன்று வழக்கமான கியருக்கு, ஒன்று முன்னச்சைச் சேர்க்க, ஒன்று தாழ்நிலைக்கு. (மணலில் விரைந்து திரும்பும் ஊர்தியை நாம் அறியாதவர் அல்லோம். வேடுபரியன்று மணல்வெளியில் தங்கக் குதிரையில் நம்பெருமாள் கண்டருளும் வையாளியைக் கண்டவர்களுக்கு, மணலில் கால் பாவி ஓடுவது எத்துணை அரிது என்பது தெரியும். அங்கே இயக்குவிசை தோள்கள்.)

1940ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஐரோப்பாவில் போர் மூண்டு ஓராண்டு நிறையும் தறுவாயில், அமெரிக்கப் படைத்துறை 135 நிறுவனங்களுக்கு ஓலை அனுப்பியது. கால் டன் சுமக்க வேண்டும், நான்கு சக்கரமும் இயங்க வேண்டும், எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும், முதல் மாதிரி 49 நாளில் வந்து சேர வேண்டும் என்பன அதன் கட்டளைகள். கேட்கப்பட்ட எடையில் அப்படியொரு வண்டியைச் செய்ய இயலாதென்று பொறியறிஞர் அனைவரும் அறிவர். ஏற்க முன்வந்தவை இரண்டே நிறுவனங்கள்: பென்சில்வேனியாவின் பட்லர் என்னும் சிற்றூரிலிருந்த அமெரிக்கன் பாண்டம், ஓகையோவின் டொலீடோ நகரிலிருந்த வில்லிஸ்-ஓவர்லாண்ட்.

பாண்டம் நொடித்துப்போகும் நிலையிலிருந்த சிறு நிறுவனம். முன்பு இங்கிலாந்தின் ஆஸ்டின் சிறுகாரை உரிமம் பெற்றுச் செய்து வந்தது; பெரிய கார்களை விரும்பும் அமெரிக்கர் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அந்நிறுவனம் டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரை அழைத்தது. அவர் இரண்டு மூன்று நாட்களில் வரைபடம் முழுவதையும் வரைந்து முடித்தார். செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடிய அரைமணி நேரமே இருக்கும்போது, மேரிலாந்தின் ஹோலபேர்ட் படைமுகாமுக்குள் அந்த முதல் வண்டி ஓட்டிச் செல்லப்பட்டது. ஜீப்பின் பிறந்தநாள் அதுவே.

ஆனால் பெற்றவளிடம் குழந்தை தங்கவில்லை. இத்துணைச் சிறிய நிறுவனத்தால் வேண்டிய அளவு வண்டிகளைச் செய்து தர இயலாதெனப் படைத்துறை ஐயுற்றது. பாண்டத்தின் வண்டியையும் வரைபடங்களையும் வில்லிசும் ஃபோர்டும் பார்த்தறிய வழி செய்தது. வில்லிஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ் என்பார் 60 குதிரைத்திறன் தரும் வலிய எஞ்சின் ஒன்றை வைத்திருந்தார். அந்த எஞ்சினைக் கைவிடாமல் எடையைக் குறைக்கும்பொருட்டு, ஆணிகளின் நீளத்தை வெட்டியும் வண்ணப்பூச்சைக் குறைத்தும் பார்த்தனர் என்பர். 1941 சூலையில் 16,000 வண்டிகளுக்கான ஒப்பந்தம் வில்லிசுக்குப் போயிற்று. ஆண்டின் இறுதியில் ஃபோர்டும் அதே வடிவில் செய்ய ஒப்பந்தம் பெற்றது. போர் முடியுமுன் இருவரும் செய்தவை ஏறத்தாழ 6,40,000. பாண்டம் செய்தவை 2,700க்கும் குறைவு. ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் தொடர்வண்டிகளைச் செய்யும் பணியே அதற்கு எஞ்சியது. தான் ஈன்றதன் பின்னால் இழுபட்டுச் செல்லும் நிலை என்று நான் எழுதினால் கவிஞர் பெருமக்கள் மிகை என்பர். ஆனால் நடந்தது அதுவே.

ஜீப்பை உருவாக்கியவர் தாமே என வில்லிஸ் விளம்பரம் செய்தது. அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் இதை விசாரித்து, அவ்வாறு உரிமை கொண்டாடலாகாது என 1948இல் தீர்ப்பளித்தது. உண்மை நிலைநாட்டப்பட்டது, பயன்தான் இல்லை. 1950இல் 'ஜீப்' என்னும் பெயரே வில்லிசின் வணிகக் குறியாகப் பதிவாயிற்று.

அப்பெயரின் பிறப்பு தனிக்கதை. 'பொதுப் பயன்' எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான ஜி, பி ஆகியவற்றைச் சேர்த்து ஒலித்ததே ஜீப் ஆயிற்று என்று பள்ளியில் நமக்குச் சொல்லித் தந்தனர். ஃபோர்டின் குறியீட்டில் ஜி என்பது அரசையும் பி என்பது 80 அங்குல அச்சிடைத் தொலைவையும் குறித்தனவே அன்றிப் பொதுப் பயனை அல்ல. ஆகவே நம்மூரில் ஊர்ப்பெயர்களுக்குக் கற்பிக்கும் காரணங்களைப் போல இதுவும் பிற்காலத்தார் புனைந்த நாட்டார் சொற்பிறப்பு எனவே கொள்ளத்தக்கது. 1936இல் பப்பாய் என்னும் சித்திரக்கதையில் யூஜீன் என்னும் விந்தை விலங்கு தோன்றியது. எங்கும் புகும், எதற்கும் சளைக்காது. அதன் இனப்பெயர் ஜீப். படைவீரர்கள் அவ்விலங்கின் பெயரைத் தம் வண்டிக்கு இட்டிருக்கலாம் என்பது பலர் கருத்து. எனக்கும் இதுவே உவப்பு. பெயர்களை இடுவோர் அலுவலகத்தார் அல்லர், வண்டியோட்டிகளே.

இந்தியாவுக்கு ஜீப் வந்தது இரண்டாம் உலகப்போரின் பர்மா முனை வழியாக. 1942இல் பர்மா வீழ்ந்தபோது அங்கிருந்த தமிழர் பல்லாயிரவர், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் கணக்கில்லை. தமு வழியாக மணிப்பூருக்குள் வந்த பாதை அவற்றுள் ஒன்று. 1944இல் இம்பாலும் கோகிமாவும் முற்றுகையிடப்பட்டு மீண்டபின், அதே பாதையில் எதிர்த்திசையில் ஜீப்புகள் சென்றன. பாட்டன்மார் நடந்து தேய்ந்த மண்ணில் சக்கரத்தடம் விழுந்தது. வடபர்மாவில் ரயில் எஞ்சின்கள் குண்டுவீச்சில் அழிந்துபட, ஜீப்புக்கு இரும்புச் சக்கரம் பூட்டி இருப்புப் பாதையில் ரயில்பெட்டிகளை இழுக்கச் செய்த விந்தையும் நிகழ்ந்தது. பொன்மலைப் பணிமனையை அறிந்த திருச்சிராப்பள்ளியார்க்கு, ரயிலையே இழுத்த ஜீப்பை எண்ணி வியக்கத் தனி உரிமை உண்டு.

போர் முடிந்தது, வண்டி மிஞ்சியது. அமெரிக்க உழவர் வாங்கும் வண்டியாக அதை மாற்ற முயன்ற வில்லிஸ், 1945இல் குடிமக்களுக்கான ஜீப்பை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1947இல் அதன் முகத்தோடு பின்னால் திறந்த சுமைத்தட்டு வைத்த நாற்சக்கர இயக்கப் பிக்-அப்பையும் கொணர்ந்தது. ஒரு டன் சுமக்கும் அப்பிக்-அப் 1965வரை வெளிவந்தது. இதற்கு ஓராண்டு முந்தியது டாட்ஜ் நிறுவனத்தின் 'பவர் வேகன்'. போர்க்களத்து முக்கால் டன் வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1946இல் எழுந்த அது, அமெரிக்கச் சந்தையில் 1968வரை தன் பழைய வட்டமுகத்தை மாற்றிக்கொள்ளாமலே விற்றது. ஜீப்பின் பெரிய பிக்-அப் ஆன 'கிளாடியேட்டர்' 1963ஆம் ஆண்டு மாதிரியாக வந்தது. இன்று அமெரிக்காவில் செல்வர்கள் விருப்பத்திற்கு வாங்கும் பிக்-அப்புகள் யாவும் இம்மூன்றின் வழித்தோன்றல்கள் எனலாம். வில்லிஸ் நிறுவனமோ 1953இல் கைசரிடமும், ஜீப் 1970இல் அமெரிக்கன் மோட்டார்சிடமும் 1987இல் கிரைஸ்லரிடமும் கைமாறிச் சென்றன. பாண்டத்திடமிருந்து பறித்தவர்களிடமும் அது நிலைக்கவில்லை.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1945 அக்டோபர் 2ஆம் நாள் ஜே. சி. மகேந்திரா, கே. சி. மகேந்திரா என்னும் உடன்பிறந்தாரும் குலாம் முகம்மது என்பாரும் கூடி 'மகேந்திரா அண்டு முகம்மது' என்னும் நிறுவனத்தை எஃகு வணிகத்திற்காகத் தொடங்கினர். நாடு பிளவுண்டது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் 1951முதல் 1955வரை அதன் தலைமை ஆளுநராகவும் விளங்கினார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மகேந்திரா அண்டு மகேந்திரா' ஆயிற்று. எல்லைக்கோடு ஒரு பெயர்ப்பலகையின் நடுவே ஓடியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? வில்லிசிடமிருந்து பகுதி பகுதியாகப் பிரித்த நிலையில் 75 ஜீப்புகளை அந்நிறுவனம் தருவித்தது. பம்பாயின் மசகாவில் அவை பூட்டப்பட்டு, 1949 சூனில் இந்தியாவில் பூட்டிய முதல் ஜீப் வெளிவந்தது. பின் ஐம்பதுகளில் உதிரிப்பாகங்களை இங்கேயே செய்யும் முயற்சி தொடங்கிற்று. 1953இல் வில்லிஸ் வெளியிட்ட, உயர்ந்த எஞ்சினுக்காக நெற்றி மேடிட்ட ஜீப்பின் வடிவமே இங்கு பல பத்தாண்டுகள் நீடித்தது. அமெரிக்கர் மறந்துவிட்ட அந்நெற்றியை நம் மக்கள் ஜீப்பின் இலக்கணமாகவே கொண்டனர். ஓட்டுநர் எஞ்சினின் மேல் அமரும், முன்மூக்கில்லாத ஜீப் பிக்-அப்பும் அமெரிக்காவில் 1965இல் நின்றபின் நம் நாட்டில் நெடுங்காலம் ஓடியது.

இடையில் ஓர் இழுக்கும் நேர்ந்தது. காசுமீரப் போரின்போது 1948இல் இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், முறையான நடைமுறைகளைக் கடந்து படைக்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்த 155 ஜீப்புகளும் பயன்படாத நிலையில் இருந்தன. நாடாளுமன்றத்தில் புயல் எழுந்தது. 1955இல் அரசு அதை முடிந்துபோன செய்தி என்றது. அடுத்த ஆண்டு மேனன் அமைச்சரவையில் இடம்பெற்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரிய ஊழற்குற்றச்சாட்டு ஜீப்பின் பெயராலேயே வழங்குவது, அவ்வண்டி அரசோடு எத்துணை நெருங்கியது என்பதைக் காட்டும்.

அந்நெருக்கம் நாட்டுப்புறத்தில் உறுதிப்பட்டது 1952 அக்டோபர் 2ஆம் நாள் 55 இடங்களில் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தால். அவ்வாண்டுத் தொடக்கத்தில் கையெழுத்தான இந்திய-அமெரிக்கத் தொழில்நுட்ப ஒத்துழைப்பின் கீழ் வந்த உதவிகளில் ஜீப்பும் ஒன்று. வட்டார வளர்ச்சி அலுவலர் என்னும் புதிய பதவியும் ஜீப்பும் கிராமத்துக்குள் ஒன்றாகவே நுழைந்தன. அதற்குமுன் ஊருக்குள் வந்த அரசு குதிரையிலோ மாட்டுவண்டியிலோ வந்தது. வருவதற்கு அரைநாள் முன்பே செய்தி வந்துவிடும். ஜீப்போ புழுதியோடு திடீரென வந்தது. தடுப்பூசிக்கு வந்ததும் அது. மலேரியா மருந்து தெளிக்க வந்ததும் அது. வரிப்பாக்கிக்குச் சப்தி செய்ய வந்ததும் அது. எதற்கு வருகிறது என்று தெரியாமையால் குழந்தைகள் பின்னால் ஓடின, பெரியோர் திண்ணையை விட்டு எழுந்தனர். நலமும் அச்சமும் ஒரே வண்டியில் வந்தன. உழைப்போரோடு மண்ணில் நடக்க வேண்டிய அலுவலரை, ஜீப் சேற்றுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் அமர்த்திவிட்டது என்பது என் கருத்து. தேர்தல் வந்தால் அதே வண்டி மேற்கூரையைக் களைந்து, ஒலிபெருக்கி கட்டி, கைகூப்பும் தலைவரைச் சுமந்து வந்தது. திரைப்படத்திலோ, சண்டை முடிந்தபின் வருவதற்கென்றே ஒரு ஜீப் காவல்துறைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இத்தனை வாழ்வில் கலந்த ஒன்றைத் தமிழ் என்ன சொல்லி அழைப்பது? பேருந்து, மகிழுந்து, சரக்குந்து வரிசையில் ஜீப்புக்கும் 'வல்லுந்து' என்று ஒரு பெயர் உண்டு. மூவசைச் சீராக அழகாகவே நிற்கிறது. வகுப்பில் அதைச் சொல்லிப் பார்த்தேன். துறையூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "அம்மா, பச்சைமலைக்கு நாங்க ஜீப்புலதான் போவோம்" என்றான். நான் வல்லுந்தை அன்றோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், தேர்வுத்தாளில் வைத்திருக்கிறேன்.

அம்மாணவன் சொன்ன மலைப்பாதை ஜீப்பே, அவ்வண்டி தமிழகத்தில் உண்மையாக உழைத்த ஜீப். பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தார்ச்சாலை சேராத ஊர்களுக்கு அரிசியும் உப்பும் ஏறியது, பிள்ளைப்பேற்றுக்குப் பெண்கள் இறங்கியது எல்லாம் அதில்தான். தேனி மாவட்டத்தில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் கூலிப்பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நான் நேரில் கண்டிருக்கிறேன். அமெரிக்கப் படை கால் டன் எனக் கணக்கிட்ட வண்டியின் வழித்தோன்றலில், அளவு மீறி மனிதர் அடைந்து, பின்புறக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பர். மடியில் தூக்குச்சட்டி இருக்கும். அம்மலைச்சாலைகளில் நேர்ந்த விபத்துகள் ஒன்றிரண்டு அல்ல. செய்தித்தாள்களில் அவை 'ஜீப் கவிழ்ந்தது' என்றே தலைப்பிடப்படுகின்றன, வண்டி தானே கவிழ்ந்துகொண்டதைப்போல.

நம் காந்தி சந்தைக்குத் தொட்டியத்திலிருந்தும் இலால்குடியிலிருந்தும் வாழைத்தார் ஏற்றி வரும் இன்றைய பிக்-அப்புகளும் அந்தப் பழைய மரபினவே. ஆயின் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கர இயக்கம் மட்டுமே. சாலை செம்மையான ஊரில் முன்னச்சுக்கு வேலையில்லை. முகமும் முரட்டுத்தோற்றமும் மட்டும் நிலைத்தன.

முகத்தைப் பற்றி ஒரு வழக்கே நடந்தது. 2018இல் மகேந்திரா நிறுவனம் 'ராக்சர்' என்னும் சிறுவண்டியை அமெரிக்காவில் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து பகுதிகளாகச் சென்று மிச்சிகனில் பூட்டப்பட்ட வண்டி அது. எழுபதாண்டுகளுக்கு முன் டொலீடோவிலிருந்து பம்பாய்க்குப் பெட்டியில் வந்தது, இப்போது பெட்டியில் திரும்பிப்போயிற்று. அந்நாளில் ஜீப் பெயரை உடைமையாகக் கொண்டிருந்த ஃபியட் கிரைஸ்லர், இது எம் வண்டியின் தோற்றத்தைக் களவாடியது என்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் முறையிட்டது. 2020 சூனில் ஆணையம் அம்முறையீட்டை ஏற்றது. முகத்தை மாற்றியமைத்த வண்டிக்கு அவ்வாண்டு டிசம்பரில் தடையில்லை என்றது. வழக்கு அதன்பின்னும் நீண்டது. உரிமம் பெற்றுப் பல பத்தாண்டு செய்தவர் களவாளி எனப்பட்ட அவ்வழக்கின் செய்திகளைப் படித்தபோது எனக்குப் பட்லர் ஊர்தான் நினைவுக்கு வந்தது. இந்த வழக்காளிகள் இருவருக்குமே அவ்வண்டியை முதலில் செய்து கொடுத்தவர் யார்?

இனி, நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. என் தந்தையார் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். அவ்வலுவலக ஜீப்பை ஓட்டியவரை நாங்கள் ஓட்டுநர் மாமா என்போம். 1977 நவம்பரில் திருச்சிராப்பள்ளியை வெள்ளம் சூழ்ந்தபோது, நான் பிறக்குமுன் நிகழ்ந்ததை, அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். உறையூர்ப் பக்கம் இடுப்பளவு நீர். ஜீப்பின் காற்றாடிப் பட்டையைக் கழற்றிவிட்டாராம். சுழலும் காற்றாடி நீரை வாரி எஞ்சின் மீது எறிந்தால் மின்பொறி அணைந்துவிடும். எஞ்சினின் முகப்பில் சாக்கைக் கட்டினார். முன்னச்சைச் சேர்த்து, தாழ்நிலையில் போட்டு, புகைக்குழாய்க்குள் நீர் ஏறாதபடி முடுக்கியிலிருந்து காலை எடுக்காமலே சென்றார். "நின்னா செத்தோம், வேகமாப் போனாலும் செத்தோம். நடக்கற மாதிரி போகணும், பாப்பா" என்பார். கூரைமேல் இருந்தவர்களையும் நிறைசூலி ஒருத்தியையும் அவ்வாறு பலமுறை சென்று கரையேற்றினார்.

சங்கப் பாடல்களில் போர்முனையினின்று மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் பேசுவான். விரைந்து செலுத்து என்பான். பூவில் துணையோடிருக்கும் வண்டு அஞ்சாதபடி மணியின் நாவைக் கட்டிச் செலுத்தும் நுண்மையும் அகநானூற்றில் வரும். அப்பாகனுக்குப் பெயரில்லை. அகத்திணையில் எவருக்கும் பெயர் கூறலாகாது என்பது இலக்கணம். தலைவனுக்கே பெயரில்லாதபோது பாகனுக்கு ஏது? நேர்காணலில் இவ்வாறு விடையிறுத்துத்தான் நான் பட்டம் பெற்றேன்.

ஓட்டுநர் மாமா ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்த ஜீப்பும் கண்டம் செய்யப்பட்டது. கண்டம் என்பது அலுவலக வழக்கு. இனி ஓடத் தகாதெனத் தள்ளுதல். அதற்கான கோப்பைத் தயாரித்தவர் என் தந்தையார். வண்டியின் பழைய லாக் புத்தகங்களைப் புரட்டியவர், 1977 நவம்பருக்குரிய பக்கத்தைத் தேடி எடுத்து, வீட்டுக்கு வந்ததும் அதில் கண்டதை எங்களுக்குச் சொன்னார். நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், பெட்ரோல் என்று கட்டங்கள். பயணத்தின் நோக்கம் என்னும் கட்டத்தில் 'வெள்ளச் சேதப் பார்வை' என்றிருந்தது. அடியில் அலுவலரின் கையொப்பம் தெளிவாக இருந்தது. அவர் அன்றிரவு வண்டியில் இல்லை என்பது மாமா சொன்ன கதையில் நாங்கள் அறிந்தது. ஓட்டுநர் பெயர் என்று அச்சிட்டிருந்த கட்டம் வெறுமையாக இருந்தது.

ஏலத்தில் அவ்வண்டியை எடுத்தவர் பழைய இரும்பு வணிகர். கொண்டுசெல்லும் நாளில் மாமா சைக்கிளில் வந்து பார்த்தார். மூன்று லீவர்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துவிட்டு, முன்னச்சு லீவரின் தலையிலிருந்த கறுப்புக் குமிழைத் திருகிக் கழற்றி, வணிகரிடம் அதற்கு விலை கேட்டார். வணிகர் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டி அப்போது உயிரோடு இருந்தார். மாமா அக்குமிழைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டபோது, அதைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்து, "இதுதான் அந்தச் சீப்பா?" என்று கேட்டார்.